கரையோரப் பிராணிகளின் பெயர்களும் அவை மாறும் காரணங்களும்

கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையுள்ள கரையிலே, மீன் இறங்கும் துறை எதுவாயினும், ஒரே மீன் ஒரு நாட்பொழுதிற் பல பெயர்களைப் பெற்றுவிடுகின்றது. வலையிழுத்த தமிழ் மீனவர் அதனை அறுக்குளா என்பர். அதனை விலைபேசும் சிங்கள வியாபாரி தோரா என்பர். கொழும்பு உணவுச்சாலையின் பட்டியலில் அது சீயர் என ஏறும். கடல் கடந்து தமிழ்நாட்டுச் சந்தைக்குச் செல்வோமாயின், அங்கே அதற்கு வஞ்சிரம் என்று பெயர். மீன் ஒன்றே, அதனைக் கண்டோர், விற்றோர், உண்டோர் பலர். ஆதலாற் பெயரும் பலவாயிற்று.

பிராணிகளின் வழக்குப் பெயர்கள் எங்ஙனம் பிறக்கின்றன, அவற்றுட் சில ஏன் மாற்றப்படுகின்றன என்பதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். இவ்வாராய்ச்சிக்குப் புத்தளம் மாவட்டக் கரை மிகவும் ஏற்ற இடமாகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே ஒரே கடலிற் பன்னெடுங்காலம் தொழில் செய்து வந்துள்ளனர். தமிழில் நாம் கும்பளா, பாரை, கட்டா, சீலா, சாளை எனக் கூறும் மீன்களைச் சிங்களத்தார் கும்பளாவா, பராவா, கட்டாவா, ஜீலாவா, சாலயா என்பர். எம்மொழி எம்மொழிக்குக் கடன்பட்டது என வழக்காடுதல் எமது நோக்கமன்று. ஒரே கடலில் உழைத்தோர் ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவரும் எடுத்தாண்டனர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

1. பெயர் பிறக்கும் வகை

கண்டவன் தான் முன்னரே அறிந்த ஒன்றோடு புதியதனை ஒப்பிட்டே பெரும்பாலும் பெயரிடுகின்றான். கரைவாழ்வோன் நிலத்திற் கண்டவற்றைக் கடலிலும் கண்டான். அகன்று தட்டையான உடலுடைய மீன் வௌவாலை நினைவூட்டவே, அது வாவல் ஆயிற்று. பச்சையும் நீலமுமாய் அலகு போன்ற வாயுடையது கிளிமீன் ஆயிற்று. தலை இருபுறமும் நீண்டிருந்த சுறாவைக் கொம்பன் சுறா என்றான். இப்பெயர்களைக் கேட்டமாத்திரத்தே பிராணியின் உருவம் மனக்கண்முன் தோன்றும். வழக்குப் பெயரின் சிறப்பு அதுவேயாம்.

ஆயின், ஒப்புமை சில வேளைகளில் நம்மைத் தவறான வழியிலும் செலுத்தும். கடலட்டையை எடுத்துக்கொள்வோம். கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணக் கடல்களிற் சுழியோடிகள் எடுக்கும் இப்பிராணி அட்டையன்று. அது குருதி குடிப்பதில்லை. கடலடி மணலையும் சேற்றையும் உட்கொண்டு, அவற்றிலுள்ள உணவுப்பொருளைப் பிரித்தெடுத்து வாழ்வது. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் அது உறவினம். ஆங்கிலேயர் அதன் வடிவை நோக்கிக் கடல் வெள்ளரிக்காய் என்றனர். நம்மவர் வெள்ளை அட்டை எனக் கூறும் இனத்தை அவர்கள் மணல் மீன் என்பர், அது மீனுமன்று. சீனரோ கடல் ஜின்செங் என்ற கருத்துடைய பெயரால் அதனை வழங்குவர். ஜின்செங் என்பது அவர்கள் நாட்டிற் பெருமதிப்புடைய மருந்து வேர். அட்டை என்று பெயரிட்ட நாம் அதனை உண்பதில்லை. மருந்து வேரின் பெயரை இட்டவர்களோ நம் கரையிலிருந்து அதனை விலைகொடுத்து வாங்குகின்றனர். ஒரு பிராணி எத்தகையது என்பதை மட்டுமன்றி, பெயரிட்டோருக்கு அது என்ன பயன் தந்தது என்பதையும் பெயர் காட்டுகின்றது.

2. ஆவுளியா

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புற்களை மேய்ந்து வாழும் பேருருவப் பிராணி ஒன்றுண்டு. புத்தளக் கடனீரேரியும் கற்பிட்டிக் கடலும் அதன் பழைய வாழிடங்கள். மீனவர் அதனை ஆவுளியா என்பர். கடற்பன்றி என்பாரும் உளர். சிங்களத்திலும் கடற்பன்றி என்னும் பொருளுடைய முகுது ஊரா என்ற பெயரே வழங்கும். பாடநூல்களிற் பயிலும் பெயர் கடற்பசு என்பது. இது ஆங்கிலப் பெயர் ஒன்றின் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தின் மற்றொரு பெயராகிய டூகொங் என்பது மலாய் மொழியின் டுயுங் என்னுஞ் சொல்லிலிருந்து வந்தது.

இனி ஐரோப்பியர் இட்ட இன்னொரு பெயரைக் கேளுங்கள். 1560 ஆம் ஆண்டு மன்னாருக்கு அண்மையில் ஏழு "கடற்கன்னியர்" பிடிபட்டனர் என்றும், கோவையிலிருந்த போர்த்துக்கேயப் பதிலரசனின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புக்கள் மனிதருடையனவற்றை ஒத்திருக்கக் கண்டார் என்றும் ஒரு செய்தி உளது. எமேசன் ரெனென்ற் என்பார் இலங்கையின் இயற்கைச் சரித்திரம் பற்றி 1861 இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக் கூறி, அவை ஆவுளியாவே எனக் கருதினார். பெண் ஆவுளியாவின் முலைகள் முன்துடுப்புக்களின் அடியில், மார்புப் பக்கத்தே உள்ளன. கன்று அங்கே பாலுண்ணும். மாலுமிகளின் கற்பனைக்கு அது போதுமானதாயிற்று. விலங்கியலார் இவ்வரிசைக்கு 1811 இல் இட்ட பெயரும், கிரேக்கக் கதைகளிற் பாடி மயக்கும் சைரன் என்னும் மங்கையரின் பெயரிலிருந்தே ஆக்கப்பட்டது.

பன்றி, பசு, கன்னி ஆகிய மூன்றினுள் எது பொருந்தும்? விலங்கியல் முறைப்படி மூன்றும் பொருந்தா. இன்றுள்ள தரைவாழ் விலங்குகளுள் யானையே அதற்கு நெருங்கிய உறவினது. எனினும் இப்பெயர்கள் வெறும் பிழைகளென்று தள்ளத்தக்கன அல்ல. பசு என்றவன் அது புல் மேய்வதைக் கண்டவன். பன்றி என்றவன் அதன் முகத்தையும் தடித்த உடலையும் கண்டவன். கடற்பன்றி என்பது சில இடங்களில் ஓங்கிலுக்கும் உரிய பெயர். ஓங்கிலின் உறவினமொன்றை ஆங்கிலேயர் குறிக்கும் போர்ப்பொயிஸ் என்னுஞ் சொல்லும் இலத்தீனில் "பன்றிமீன்" என்ற பொருளிற் பிறந்ததே. தூரதேசத்தாரும் நம்மவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே ஒப்புமையைக் கண்டது வியப்பன்றோ!

இங்கேதான் பெயர் மாற்றத்தின் இடர் தோன்றுகின்றது. ஆவுளியா மிக மெதுவாகப் பெருகும் பிராணி. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். இறைச்சிக்காகக் கொல்லப்பட்டதாலும், வலைகளிற் சிக்கி மூச்சடைத்து இறந்ததாலும் அது இன்று அருகிவிட்டது. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட பிராணியாகும். தமிழ்நாட்டு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீற்றர் பரப்பை அதன் காப்பிடமாக அறிவித்தது. இத்தகைய பிராணி முன்னர் எங்கே, எவ்வளவு காணப்பட்டது என்பதற்கு முதிய மீனவரின் நினைவே பெருஞ் சாட்சி. அவரிடம் சென்று, "கடற்பசுவைக் கண்டதுண்டா?" எனப் பாடநூற் சொல்லால் வினவினால், அவர் இல்லையெனக் கூறவுங் கூடும். "ஆவுளியா கண்டீர்களா, ஐயா?" என வினவினால், ஆண்டும் இடமும் வலையின் வகையும் சேர்த்து அவர் விடை தருவார். பழைய சொல்லை இழந்தவன் சாட்சியை விசாரிக்கும் வழியையும் இழந்தவனாகின்றான்.

3. இரண்டு பருந்துகள்

மாற்றுதலே அறமாகும் பெயர்களும் உள. அதற்கும் நம் கரையிலேயே சான்று உண்டு. மீன் காயவைக்கும் வாடிகளின் மேலே வட்டமிடும் பருந்துகளில் இரு வகையுண்டு. வெண்டலையும் செம்பழுப்பு உடலும் உடையது ஒன்று. சைவரும் வைணவரும் அதனைக் கருடன் எனக் கண்டு கைகூப்புவர். உடல் முழுவதும் கரும்பழுப்பாய், வால் நுனி சற்றே பிளவுபட்டிருப்பது மற்றையது. இலங்கையின் வடக்கு, வடமேற்குக் கரைகளிற் காணப்படும் இதனைத் தமிழிற் கள்ளப்பருந்து என்பர். கரையிற் கிடக்கும் மீனைக் கண்ணிமைக்கும் நேரத்திற் கவர்ந்து செல்வதால் வந்த பெயர் போலும்.

ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூலார் முதலாவதற்குப் "பிராமணப் பருந்து" என்றும், இரண்டாவதற்குப் "பறையப் பருந்து" என்றும் பொருள்படும் பெயர்களை இட்டனர். பறை என்னும் வாத்தியத்தோடு தொடர்புடைய ஒரு சமூகத்தாரின் பெயர், போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலத்திற் புகுந்து, "ஒதுக்கப்பட்டவன்" என்ற பொருளைப் பெற்றது. அங்கிருந்து அது தெருநாய்க்கும் பருந்துக்கும் அடைமொழியாயிற்று. மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட மேல்கீழ் வரிசை, அதனைச் சிறிதும் அறியாத இரண்டு பறவைகளின்மேல் ஏற்றப்பட்டது. இப்பெயரில் உயிரியல் அறிவு அணுவளவும் இல்லை. தமிழர் இட்ட கள்ளப்பருந்து என்ற பெயர் பறவையின் செயலைப் பழிக்கின்றது; ஆங்கிலப் பெயரோ பறவையைச் சாட்டாக வைத்து மனிதரைப் பழிக்கின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் நன்கு சிந்தித்தல் வேண்டும்.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. கேணல் சைக்ஸ் என்பார் 1832 இல் இதே கரும்பருந்துக்கு விஞ்ஞானப் பெயரிட்டபோது, "மில்வஸ் கோவிந்தா" என இட்டார். இன்றும் நம் நாட்டுக் கிளையினத்தின் பெயர் மில்வஸ் மைகிரான்ஸ் கோவிந்தா என்பதே. ஆங்கில வழக்கிலே தீண்டாமை சுமந்த பறவை, விஞ்ஞான வழக்கிலே திருமாலின் நாமத்தைத் தாங்கிப் பறந்தது! அந்த ஆங்கிலப் பெயர் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. சாதி காரணமாக ஒருவரை ஆலயம் முதலிய இடங்களிற் புகவிடாது தடுத்தலை இலங்கைச் சட்டம் 1957 இற் குற்றமாக்கியது. பறவை நூல்களோ அதன் பின்னரும் அச்சொல்லை உடனே கைவிடவில்லை. இன்று உலகெங்கும் கரும்பருந்து என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரே வழங்குகின்றது. "பிராமண" என்ற அடைமொழி மட்டும் மற்றைய பருந்தின் ஆங்கிலப் பெயரில் இன்னும் நிலைத்துள்ளது.

பிற நாடுகளிலும் இவ்வாறான திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. யூதரின் பெயரைக் கொண்டிருந்த பெருங் கலவாய் மீன் ஒன்றின் வழக்குப் பெயரை அமெரிக்க மீன்பிடிச் சங்கத்தார் 2001 இல் மாற்றினர். நாடோடி இனத்தாரை இழித்துரைக்கும் சொல் கலந்திருந்த ஓர் அந்துப்பூச்சியின் பெயரை அமெரிக்கப் பூச்சியியற் சங்கத்தார் 2022 இல் மாற்றினர். அந்த மீனோ பூச்சியோ இதனால் ஒன்றும் பெறவில்லை என்பது உண்மையே. ஆயின் அப்பெயரை வகுப்பறையிற் கேட்டுத் தலைகுனியும் பிள்ளை ஒன்று பெறுகின்றது.

4. சந்தையும் அன்பும்

மூன்றாவது காரணம் வாணிகம். தென் சமுத்திரத்தின் ஆழத்தில் வாழும் பல்மீன் ஒன்றை அமெரிக்க வியாபாரி ஒருவர் 1977 இற் "சிலி நாட்டுக் கடற் பாஸ்" என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அது பாஸ் இனத்தைச் சேர்ந்ததன்று. "சளித்தலையன்" எனப் பொருள்படும் பெயருடைய குடும்பத்து ஆழ்கடல் மீனொன்று, "செம்மஞ்சள் ரஃபி" என்ற பெயரோடு உணவுத்தட்டுக்கு வந்தது. நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடிய அம்மீன், அழகிய பெயர் பெற்ற சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பல இடங்களில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது. இழிந்த பெயர் அதற்கு ஒரு கவசமாயிருந்தது எனலாம்.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. கற்பிட்டிக் கடலிலும் காணப்படும் திமிங்கிலச் சுறா, மீன்களுள் யாவற்றினும் பெரியது. மனிதருக்குத் தீங்கு செய்யாதது. சிங்கள மீனவர் அதன் முதுகிலுள்ள வெண்புள்ளிகளைக் கண்டு "மினிமுத்து மோரா", அதாவது மணிமுத்துச் சுறா என்றனர். தமிழ்நாட்டுக் கரையில் அது அம்மணி உழுவை. குஜராத்திலோ அதனைப் "பீப்பாய்" என்றே அழைத்தனர். பீப்பாய்களைக் கட்டிய தூண்டிலால் அதனைக் களைப்புறச் செய்து கொன்றமையே காரணம். கொல்லுங் கருவியின் பெயரே கொல்லப்படும் உயிருக்கும் பெயராயிற்று. இந்திய அரசு 2001 இல் அதனைக் கொல்வதைத் தடைசெய்தது. 2004 இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையினர் தொடங்கிய இயக்கத்தில் இராமாயணப் பிரசங்கியாரான மொராரி பாபு இணைந்தார். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது இச்சுறா என அவர் மீனவருக்கு எடுத்துரைத்தார். "அன்புக்குரியவள்" எனப் பொருள்படும் "வ்ஹாலி" என்ற புதுப்பெயர் பரவியது. வெட்டப்படும் வலைக்கு அரசு நட்டஈடும் வழங்கியது. அதன்பின் நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவர் தாமே வலையறுத்து விடுவித்தனர். பெயர் மட்டுமே இதனைச் சாதித்தது என்பது மிகை. சட்டமும் நட்டஈடும் இல்லாவிடிற் பெயர் வெறும் அலங்காரமாய் முடிந்திருக்கும். எனினும் சட்டம் புகாத இடத்திலும் அச்சொல் புகுந்தது என்பதை மறுத்தற்கில்லை.

5. விஞ்ஞானப் பெயர் மாறாததா?

வழக்குப் பெயர் மாறும், விஞ்ஞானப் பெயர் மாறாது என்பர். இது பாதியுண்மையே. முத்துக்குப் புகழ்பெற்ற சிலாபத்துக் கடலிலே முத்துச்சிப்பி என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கின்றது. 1902 இல் இலங்கைக்கு வந்த பேராசிரியர் ஹேர்ட்மன் அதனை மார்கரிற்றிஃபெரா வல்காரிஸ் என்றார். பின்வந்தோர் பிங்க்ராடா என்னும் பேரினத்துள் அதனை அடக்கி, இனப்பெயரையும் பலவாறு மாற்றினர். அறிவு வளருந்தோறும் அப்பெயர் மாறுதல் இயல்பேயாம். புத்தளக் கடனீரேரியில் வாழும் கூன்முதுகு ஓங்கிலைச் சீனக் கடலின் இனத்தோடு சேர்த்தெண்ணும் வழக்கம் இருந்தது; 2014 இல் அது இந்து சமுத்திரத்துக்குரிய தனியினமாகப் பிரிக்கப்பட்டது. தனிப்பெயர் பெற்ற பின்னரே, அதன் தொகை எத்துணைச் சிறிது என்பதும் உலகப் பட்டியல்களிற் தெளிவாயிற்று.

நமது சங்கின் கதை இன்னும் சுவையானது. 1798 இல் ரோடிங் என்பார் சங்கின் பேரினத்துக்கு "சாங்குஸ்" எனப் பெயரிட்டார்; அது நம் சங்கு என்ற சொல்லின் இலத்தீன் உருவமே. மறு ஆண்டு லமார்க் என்பார் அதற்கு "ரேபினெல்லா", அதாவது சிறுபம்பரம், என்று பெயரிட்டார். முந்திய பெயரே நிற்றல் வேண்டும் என்பது பொதுவிதி. எனினும் லமார்க்கின் பெயர் பெருவழக்காகிவிட்டமையால், சர்வதேச விலங்கியற் பெயரீட்டுக் குழு விதிக்கு விலக்களித்துச் சாங்குஸ் என்பதை நீக்கியது. சங்கு தன் பெயரை ஏட்டில் இழந்தது, பூசையறையில் இழக்கவில்லை.

வலம்புரி என்னும் பெயரும் நோக்கத்தக்கது. நாம் வலம்புரி என்பதை விஞ்ஞானிகள் இடச்சுழி என்பர். ஒருவர் கூற்றும் பிழையன்று. அவர்கள் சங்கின் கூர்முனையை மேலே வைத்து வாயைத் தம்மை நோக்கிப் பிடிக்கின்றனர். அப்பொழுது வாய் இடப்பக்கத்தில் அமையும். நாம் கூர்முனையைக் கீழே வைத்துப் பார்க்கின்றோம். அப்பொழுது அதே வாய் வலப்பக்கத்தில் அமையும். எந்த நிலையில் நின்று பெயரிட்டார் என அறியாமல், எவர் பெயரையும் தவறென்று கூறலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

6. முடிபும் பயிற்சியும்

இதுகாறும் கூறியவற்றால் ஒரு முறையை வகுத்துக்கொள்ளலாம். மனிதரை இழிவுசெய்யும் பெயரைத் தயங்காது மாற்றுக. விற்பனைக்காக மாற்றப்படும் பெயரை ஐயத்தோடு நோக்குக. அறிவு வளர்ச்சியால் மாறும் பெயரை ஏற்றுக்கொள்க. எவ்வகையாக மாற்றினும், பழம்பெயரை அதன் காரணத்தோடு ஏட்டில் எழுதிவைத்த பின்னரே மாற்றுக. "பறையப் பருந்து" என்பது கூட வழக்கிலிருந்து நீங்க வேண்டியதேயன்றிச் சரித்திரத்திலிருந்து நீங்க வேண்டியதன்று. அவ்வாறு எழுதினோம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் ஆறு நிரல்கள் வரைக. பிராணியின் பெயர், அப்பெயரைக் கூறியவரின் ஊர், அவர் செய்யும் தொழில், கூறிய காரணம், அயல்மொழியார் வழங்கும் பெயர், நூலில் உள்ள பெயர் என்பன அவற்றின் தலைப்புக்கள். உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் உள்ள பெரியோரை அணுகி, அவர்கள் கூறும் சொல்லைத் திருத்தாது, உச்சரித்தவாறே எழுதுக. பாடநூலோடு முரண்படின், முரண்பாட்டையும் எழுதுக. சிங்கள நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால் ஐந்தாம் நிரல் எளிதில் நிரம்பும்.

இந்த மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருட் பலர் தத்தம் ஊர்களிற் செல்வாக்குடையோர். அவர்கள் தம் தந்தையரிடமும் அயலாரிடமும் கேட்டு, தமக்கு நினைவிலுள்ள கடற்பெயர்களைக் கல்லூரி நூல்நிலையத்துக்கு எழுதி அனுப்புவாராயின், அது கட்டிடத்துக்கு அளிக்கும் நன்கொடையினும் குறைந்ததாகாது. ஆவுளியாவைக் கண்ட கண்கள் இன்னும் சில இக்கரையில் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.